கைராசி

நான் நல்ல தூக்கக்காரன். தலையணையில் தலை பட்டால் போதும், அடுத்த நிமிடம் குறட்டைதான் என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் கேலி செய்வாள். தப்புச் செய்தவனுக்குத் தூக்கம் வராது என்று நீங்கள் நினைத்திருக்கலாம். எனக்கு வந்தது. பாட்டு டீச்சர் இறந்துபோன வாரத்திலும் வந்தது. இதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கத்துக்குப் பயந்து எதையும் விட்டுவிடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் இன்று வந்திருக்கிறேன்.

போன முறை இந்த விசாரணைக்கு நீங்கள் என்னை நிபுணர் என்ற முறையில் அழைத்தீர்கள். இதே நாற்காலிதான். தண்ணீர் கொடுத்தீர்கள், மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைக்கட்டுமா என்று கேட்டீர்கள். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். அதை வைத்து ஸ்கேன் பிரிவு நர்ஸை வேலையிலிருந்து நீக்கினார்கள். அடுத்து அவர் மேல் வழக்குப் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். அன்று நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. நீங்கள் திரும்ப எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் அகப்படாது. ஆகவே நானே வந்து சொன்னால்தான் உண்டு.

மருந்திலிருந்து தொடங்குகிறேன். போன முறை பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டுப் பூசி மெழுகிவிட்டேன். உண்மையில் அது மருந்தே இல்லை, எதையும் குணப்படுத்தாது. ஸ்கேன் படத்தில் புற்றுநோய்க் கட்டியைப் பளிச்சென்று காட்டுவதற்காக நரம்பில் ஏற்றும் ஒரு திரவம், அவ்வளவுதான். அதில் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய மூலக்கூறுகள் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் ஸ்கேன் இயந்திரத்துக்குத் தெரியக்கூடிய உலோகத்தைத் துளித்துளியாகச் சுமந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு வால் வைத்தேன். வால் இருக்கும்வரை ஒன்றோடு ஒன்று ஒட்டாது. புற்றுநோய்க் கட்டி தன்னைச் சுற்றி ஒரு நொதியைச் சுரக்கும். அது அந்த வாலை வெட்டிவிடும். வால் போனதும் மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூலாகும், நூல்கள் சேர்ந்து கற்றையாகும். யாரும் பின்ன வேண்டியதில்லை. பெரிய கூட்டத்தில் தனித்தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பவர்கள் தெரிந்த முகத்தைக் கண்டதும் ஓரிடத்தில் கூடி நின்றுகொள்வதைப் போலத்தான். கூடிய இடம் படத்தில் வெள்ளையாக ஒளிரும். மற்ற இடங்களில் வாலை வெட்ட யாரும் இல்லாததால் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும்.

ஆய்வகத்தில் அதற்குக் கூட்டாளி என்று செல்லப்பெயர். வைத்தது நான்தான். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அதனால் என் மனைவி அதை உங்கள் மூத்த பிள்ளை என்பாள், கொஞ்சம் சிரித்துக்கொண்டு, கொஞ்சம் சிரிக்காமல். என் தலைமுடி கறுப்பாக இருந்தபோது ஆரம்பித்த வேலை அது.

அதற்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. இரத்தத்தில் கலந்துவிட்டால் பரவாயில்லை, அங்கே ஒன்றுக்கொன்று வெகு தூரம். ஆனால் பாட்டிலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்போது இளஞ்சூடு பட்டால் போதும், வாலோடேயே சில மூலக்கூறுகள் சேர்ந்து சின்னச் சின்ன முடிச்சுகள் ஆகிவிடும். முடிச்சு ஏறிவிட்டால் கட்டியில் மட்டும் நிற்காது. நுண்ணிய இரத்தக்குழாய் எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் மாட்டிக்கொண்டு நூலாக வளரும். நரம்பில் ஏற்றிய எதுவும் முதலில் போவது நுரையீரலுக்கு. ஆகவே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் சில்லென்று இருக்கும்போதே ஊசியில் ஏற்றிப் போட்டுவிட வேண்டும். பரிசோதனைக்கு முன்வந்த நோயாளிகளுக்கு ஊசி போட முதலில் இருந்த நர்ஸுக்கு நானே பக்கத்தில் நின்று இதைச் சொல்லிக்கொடுத்தேன். அவருக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். சொன்னால் சொன்னபடி, ஒரு நூல் பிசக மாட்டார்.

படங்கள் மங்கலாக வந்தன. கட்டியில் சேர்ந்தது போதவில்லை. ஸ்கேன் படங்களைப் பார்த்து முடிவு சொல்லும் மருத்துவரை எல்லோரும் கழுகு என்போம், அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அவரே கையை விரித்துவிட்டார். "இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. இத வச்சுக்கிட்டு நான் நோயாளிகிட்ட என்னன்னு சொல்றது?" என்றார். பரிசோதனையை இத்தோடு நிறுத்திவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது. அந்த நாட்களில் மருத்துவமனை நடைபாதையில் யாராவது எதிரே வந்தால் நான் செல்போனை எடுத்துப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டு போவேன்.

அப்போதுதான் கடிகாரம் மகளின் பிரசவத்துக்காக விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாகக் குழந்தைகள் வார்டிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். அவர்தான் நீங்கள் குற்றவாளியாக வைத்திருப்பவர். எழுபது வயது நோயாளிகூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார், நானும் அப்படித்தான். அவர் வந்த வாரம் நான் ஒரு மாநாட்டுக்காக வெளியூரில் இருந்தேன். இயந்திரத்தைப் பற்றி மட்டும் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். குளிர்ச்சி பற்றிய பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நான் ஊர் திரும்பிய அன்று கழுகு போன் செய்தார். "என்னய்யா பண்ணீங்க? படம் கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எதை மாற்றினோம் என்று பார்க்க மறுநாள் காலையிலேயே போய் ஊசி போடும் அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சின்ன அறை. ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு ஸ்டீல் தட்டு, ஆணியில் தொங்கும் கம்பளிகள், உட்காருமிடத்தில் கிழிந்து பஞ்சு தெரியும் ஒரு நாற்காலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் இயந்திரம் வாயைத் திறந்துகொண்டு இருக்கும். இயந்திரத்துக்காக அந்தப் பகுதி முழுவதையும் குளிராகவே வைத்திருப்பார்கள். அன்று கிழிந்த நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர், முதுகுப் பக்கம் நாடா கட்டிய அங்கியில், பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தார்.

அக்கா ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்தார். ஊசியில் ஏற்றவில்லை. பாட்டிலை உள்ளங்கையில் வைத்து மூடி, மற்றக் கையை அதன் மேல் பொத்தி, வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க. இத இப்படியே ஏத்துனா தோள்பட்டை வரைக்கும் கடுத்துடும். குழந்தைங்க வார்டுல நாங்க இப்படித்தான் பண்ணுவோம்" என்று டிரைவரிடம் சொன்னார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த மூடிய கைக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று இந்த உலகத்தில் யாருக்காவது தெரியுமென்றால் அது எனக்குத்தான். நான் வாயைத் திறந்தேன். அக்கா திரும்பிப் பார்த்து, "ஏன் சார், தப்பா ஏதாவது பண்றேனா?" என்றார்.

"ஒண்ணுமில்லக்கா. உங்களுக்கு நல்ல கைராசி. நீங்க வந்ததுலேர்ந்து படமெல்லாம் நல்லா வருதாம்" என்றேன்.

கவனியுங்கள், சூடு பண்ணுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவருடைய கையைப் புகழ்ந்தேன். யாராவது புகழ்ந்தால் உச்சி குளிர்ந்துபோகிற சாதாரண மனுஷி அவர். அதற்குப் பிறகு நோயாளிகளிடம், "எனக்குக் கைராசின்னு சாரே சொல்லியிருக்காரு" என்று சொல்ல ஆரம்பித்தார். அது காதில் விழுந்தபோதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடிகாரம் விடுப்பு முடிந்து வரும் நேரத்தில் நான் தலைமை நர்ஸிடம் பேசி, புறநோயாளிகள் பிரிவில் அவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த பகல்நேர வேலையை வாங்கிக்கொடுத்தேன். இன்றும் வழியில் பார்த்தால் நின்று நன்றி சொல்கிறார்.

முடிச்சுகளுக்கு நேரம் தேவை. கையில் வைத்த உடனே எடுத்தால் ஒன்றும் ஆகாது. ரொம்ப நேரம் வைத்தாலும் திரவம் பால் கலந்த தண்ணீர்போல் கலங்கிவிடும், அப்புறம் யாரும் அதைப் போட மாட்டார்கள். நடுவில் ஒரு பக்குவம் இருக்கிறது. எந்த நர்ஸுக்கும் இத்தனை நேரம் கையில் வைத்திருங்கள் என்று எப்படிச் சொல்வது? அதனால் நான் பேச்சுக் கொடுத்தேன். அக்காவுக்கு ஒரே பெண். நர்ஸ் வேலை வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்துச் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றிக் கேட்டால் போதும், அக்கா உலகத்தையே மறந்துவிடுவார். விடுதியில் சாப்பாடு சரியில்லை என்பார், கூடப் படிக்கிற பையன் ஒருவன் அடிக்கடி போன் செய்கிறான், கேட்டால் சந்தேகம் கேட்கிறானாம் என்று சிரிப்பார். நான் ம் கொட்டிக்கொண்டிருப்பேன். என் பார்வை அவர் முகத்தில் இருக்காது, விரல்களில் இருக்கும். பக்குவம் வந்துவிட்டது என்று தோன்றியதும், "சரிக்கா, நேரமாகுது பாருங்க" என்பேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஊசியில் ஏற்றுவார். இவ்வளவு வேலைக்கு நடுவிலும் தன் பெண்ணைப் பற்றிக் கேட்க எனக்கு நேரம் இருக்கிறதே என்று அவருக்கு என் மேல் அவ்வளவு மரியாதை. அந்தப் பெண்ணின் பெயர், பாடங்கள், அவளுக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரை எல்லாம் எனக்கு இன்றைக்கும் தெரியும். அவளை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

படங்கள் மேலும் மேலும் நன்றாக வந்தன. கட்டி இருந்தால் அது விளக்குப் போட்டதுபோல் தெரிந்தது. இதில் பித்தலாட்டம் எதுவும் இல்லை. புற்றுநோய்க் கட்டியின் குழாய்கள் ஓட்டை உடைசலாக இருக்கும். அதனால் முடிச்சுகள் அங்கே அதிகமாகச் சேரும். மூன்று பேருக்கு மற்ற ஸ்கேனில் தெரியாத சிறு கட்டிகளை நாங்கள் கண்டுபிடித்தோம். அவர்கள் பிழைத்திருக்கிறார்கள். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அந்த டிரைவர் இப்போது பஸ் ஓட்டுவதில்லை. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறார் என்று உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாராம். அவரைப்போல் இன்னும் சிலர் உண்டு.

பாட்டு டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர், குண்டாக, கலகலப்பாக, வந்த இடத்தைத் தன் வீடுபோல் ஆக்கிக்கொள்கிறவர். கல்லீரலில் ஒரு புள்ளி தெரிந்தது, அது புற்றா சும்மா கட்டியா என்று பார்க்க வேண்டும். இயந்திரத்துக்குள் படுத்திருந்தபோது அது தடதடவென்று சத்தம் போட்டது. வெளியே வந்ததும், "உங்க மெஷினுக்குத் தாளமே நிக்கலையே சார், ரெண்டு நாள் என்கிட்ட அனுப்புங்க, சரிபண்ணித் தர்றேன்" என்றார். கழுகுகூடச் சிரித்துவிட்டார். படம் துல்லியமாக வந்தது. சும்மா கட்டி. ஒன்றும் செய்ய வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றதும் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு மாதம் போனதும் அவரால் ஒரு வரியை முழுதாகப் பாட முடியவில்லை. நடுவில் மூச்செடுத்துப் பாடுவதைக் கேட்டுப் பிள்ளைகள் அதையே பாட்டு என்று நினைத்துக்கொண்டு அப்படியே திருப்பிப் பாடினார்களாம். அவருடைய கணவர் இதை உங்கள் முன்னால் சொன்னபோது நான் பின்வரிசையில் இருந்தேன். ஆஸ்துமா என்றார்கள், நிமோனியா என்றார்கள், எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. இறந்த பிறகு நுரையீரலை ஆராய்ந்தபோது குழாய்கள் முழுவதும் நூல்கள். எந்தக் கெடுதலும் இல்லை என்று தெரிந்துகொள்ள வந்தவர் அதைத் தெரிந்துகொண்டதாலேயே இறந்தார்.

ஒன்றை விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்ன, சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். மனிதர்களுக்குப் போடுவதற்கு முன்னால் முயல்களுக்குப் போட்டோம். ஒரு கோடையில் விலங்குக் கூடத்தில் மின்சாரம் போய் ஏசியும் ஃப்ரிட்ஜும் நின்றுவிட்டன. பாட்டில்கள் வெதுவெதுப்பானது தெரியாமல் அன்று ஊசி போட்டுவிட்டோம். படங்கள் அருமையாக வந்தன. சில நாளில் அந்த முயல்களுக்கு மூச்சு வாங்குகிறது என்று கால்நடை மருத்துவர் வந்து சொன்னார். எல்லாம் செத்தன. நான் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். நூல்கள் ஒரே சீராக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஓடின. அவ்வளவு ஒழுங்காக அவை சேர்ந்து நான் ஆய்வகத்தில்கூடப் பார்த்ததில்லை. எவ்வளவு அழகு என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இங்கே வந்ததிலிருந்து நான் சொன்னவற்றில் இதைச் சொல்வதற்குத்தான் கூனிக் குறுகிப்போகிறேன்.

வெயில் தாங்காமல் செத்துவிட்டன என்று சொன்னேன். கடும் கோடை, எல்லோரும் நம்பினார்கள். கால்நடை மருத்துவர் மட்டும், "அப்போ ஊசி போடாத முயலுங்களும் அதே கூடத்துலதான சார் இருந்துச்சு?" என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உடம்பு என்றேன். சூழ்நிலை சரியில்லாத நாள் என்று அந்த முயல்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டோம். ஆக, அக்கா பாட்டிலைக் கையில் பொத்திய அந்த நிமிடத்தில் எனக்கு முடிவு தெரியும். மனிதர்கள் முயல்களைவிடப் பெரியவர்கள், நாங்கள் போடுவதும் கொஞ்சம்தான், இந்தச் சுற்று முடிந்தால் வாலை மாற்றி அமைத்துவிடலாம், பிறகு யாரும் எதையும் கையில் பொத்த வேண்டியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னபோது எல்லாமே நியாயமாகத்தான் பட்டது.

பிறகு விசாரணை. அன்று இந்த மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றார். பாட்டிலைக் கையில் வைத்துச் சூடுபடுத்தலாமா என்று என்னிடம் கேட்டீர்கள். கூடாது, சூடானால் முடிச்சு விழும், பயிற்சி கொடுக்கும்போது இதைச் சொல்வது என் வழக்கம் என்றேன். அத்தனையும் உண்மை. சொல்வது என் வழக்கம்தான். அவருக்குப் பயிற்சி கொடுத்தீர்களா என்று நீங்கள் கேட்கவில்லை.

அக்கா உடனே, "சார் சொல்லியிருப்பாரு. நான்தான் காதுல வாங்காம விட்டிருப்பேன்" என்றார். அவர் பார்க்கும்போது செய்தீர்களா என்று கேட்டீர்கள். "சார் வந்து நிப்பாருங்க. ஆனா அவரு எங்க பாட்டிலப் பார்த்தாரு? எம்பொண்ணு எப்படிப் படிக்கிறான்னுதான் கேட்டுக்கிட்டு இருப்பாரு. அப்படி ஒரு மனுஷன். அவரு பேரைக் கெடுத்துட்டேனே" என்று சொல்லி அழுதார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை நீங்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டீர்கள், உங்கள் முகத்தில் தெரிந்தது. என் கையில் அந்தத் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதையும் குடித்து முடித்தேன்.

இத்தோடு இது முடிந்திருக்கும். முடியாமல் போனதற்குக் காரணம் என் அண்ணி.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அம்மா இறந்துவிட்டார். அந்த வருடமே அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. வந்தவர் புதுப்பெண், அவருக்கே சின்ன வயது. எனக்குத் தலை துவட்டிவிட்டதிலிருந்து பரீட்சைக்கு எழுப்பிவிட்டது வரை எல்லாம் அவர்தான். பரிசோதனை நடந்துகொண்டிருந்த நாட்களில் அவருக்கும் கல்லீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. வேறு இடத்தில் பார்க்கலாம் என்று நான் எவ்வளவோ நழுவிப் பார்த்தேன்.

"வேற எங்கயும் போக மாட்டேன். உன் மருந்தயே போடு. நான் வளர்த்த பிள்ளை கண்டுபிடிச்சதுன்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்க வேணாமா?" என்றார்.

மறுக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் ஒப்புக்கொண்டேன். அன்று காலை அண்ணி அந்தக் கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்து என் ஆய்வகக் கோட்டைப் பார்த்து, பட்டன் ஒன்று போயிருக்கிறதே, உன் பெண்டாட்டி பார்க்க மாட்டாளா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலைக் கையில் பொத்தினார். நான் எழுந்து பக்கத்தில் போனேன்.

"அக்கா, இவங்களுக்குக் கையில வச்சிருக்க வேணாம். அப்படியே ஏத்திடுங்க."

"கடுக்குமே சார்."

"பரவாயில்ல. எங்க அண்ணி தாங்குவாங்க."

அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டார். தோள்பட்டை வரை நானே தேய்த்துவிட்டேன். படம் மங்கல். கழுகு உதட்டைப் பிதுக்கினார். அண்ணியை நானே வேறு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கச் செய்தேன். புற்றுதான், ஆனால் ஆரம்ப நிலையில் இருந்தது, வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், நம்மைவிட வேகமாகப் படியேறுவார். என் மருந்துதான் தன்னைக் காப்பாற்றியது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அக்காவை வேலையை விட்டு நீக்கியதைக் கேள்விப்பட்டு அண்ணி போன வாரம் பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். நல்ல மனுஷி, ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொண்டார் என்ற ஒரே காரணம்தான். அக்கா அவரிடம், "நீங்க கொடுத்து வச்சவங்கம்மா. உங்களுக்கு மட்டும் சார் கையில வைக்க வேணாம்னுட்டாரு. அவருக்கு அன்னிக்கு மனசுல ஏதோ பட்டிருக்கு பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். தான் செய்த பாவத்திலிருந்து ஒருவராவது தப்பினாரே என்று அக்காவுக்கு அதில் ஒரு ஆறுதல்.

அண்ணி அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே, "எனக்கு மட்டும் எதுக்கு வேணாம்னே?" என்றார்.

உங்கள் நரம்பு மெல்லியது, அதனால்தான் என்று ஏதோ உளறினேன்.

"தம்பி, நீ பொய் சொன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்தம்மா உன்னைக் கும்பிடாத குறையா பேசுது. நீயா போய்ச் சொல்றியா, இல்ல நான் போகட்டுமா?"

அவர் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வரும்போது காரில் கதவோரமாக ஒதுங்கி, நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என் பக்கத்தில் அப்படி உட்கார்ந்ததே இல்லை. நான் வெளியே போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயா என்று கேட்பார். ஆமாம் என்று சொல்ல வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியாது. அதனால் அவருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சூடு பண்ணுங்கள் என்று நான் வாயால் சொல்லவில்லை என்றேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கினேன். அது உண்மையில்லை. அக்கா இதை மறந்துவிட்டாரா, என்னைக் காப்பாற்ற உங்களிடம் மறைத்துவிட்டாரா, எனக்குத் தெரியாது. அன்று அண்ணிக்கு ஊசி போட்டு முடிந்து, அவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தோம். அடுத்ததாக அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் பாட்டு டீச்சர். குளிருக்குக் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தார். அக்கா பாட்டிலை வெளியே எடுத்தார். இந்த முறை கையில் பொத்தவில்லை. விரல் நுனியில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இவங்களுக்கும் அப்படியே ஏத்திடட்டுமா சார்?" என்று கேட்டார்.

கழுகு அப்போதுதான் அண்ணியின் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார்.

"வேணாங்க்கா. இவங்களுக்கு எப்பவும்போல கையில வச்சிருந்தே போடுங்க" என்றேன். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பெண்ணுக்குப் பரீட்சை எப்படி நடந்தது என்று கேட்டேன்.